அரிய உருவம் என்றால் தரமான உருவமா?

சிறு வீர உருவங்களை வைத்து ஆடும் ஹீரோகிளிக்ஸ் போன்ற விளையாட்டுகளில் ‘அரியது’ எனப்படும் பொம்மை வேலைப்பாட்டிலும் உயர்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயமில்லை. 2002இல் ஹீரோகிளிக்ஸ் வெளிவந்தபோது, பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த வீரனையே மஞ்சள், நீலம், சிவப்பு வளையங்களால் மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள்; மாறியவை, ஆட்டத்தில் அவன் வலிமையைக் காட்டும் அடித்தட்டுச் சக்கரத்தின் குறிப்புகளே. அரிதாயிருப்பது என்பது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மூடிய பெட்டிகளில் எத்தனைக்கு ஒன்று வைக்கிறார்கள் என்ற கணக்கு; தரமோ அச்சின் கூர்மையையும் பிளாஸ்டிக்கின் விறைப்பையும் வண்ணம் தீட்டிய கையின் நிதானத்தையும் பொறுத்தது. வேறொரு விளையாட்டில் எனக்குக் கிடைத்த அரிய வீரனுக்குக் கண்ணின் கறுப்புப் புள்ளி புருவத்தில் விழுந்திருந்தது, வாளும் வளைந்திருந்தது. வாளை வெந்நீரில் அமிழ்த்தி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் இட்டுச் சரிசெய்தேன், கண்ணுக்கு வழியில்லை.

அம்பாசமுத்திரத்தில் அரக்கு வண்ணம் ஏற்றிய மரச் சொப்பை நாங்கள் விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்போம். மூடிய பெட்டியில் அது இயலாது என்பதால், பிரித்த உருவத்தைப் பார்த்து வாங்குங்கள்.