திருச்சியில ஏறுனா சிங்கப்பூர் எவ்ளோ நேரம்?

கேள்வி: மக சிங்கப்பூர்ல பிரசவத்துக்கு கூப்பிடுறா, திருச்சியில இருந்து டிக்கெட் போட்டுட்டா. ராத்திரி 1 மணிக்கு கிளம்பி காலைல 7.45க்கு இறங்கும்னு போட்டிருக்கு. ஆனா அவ நாலு மணி நேரந்தான்மாங்கிறா, கணக்கு இடிக்குதே? எனக்கு ஏற்காடு பஸ் ஏறுனாலே தலை சுத்தும் வேற.
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்க மக சொல்றதுதாங்க சரி. டிக்கெட்ல அந்தந்த ஊரு நேரத்தைத்தான் போடுவாங்க, சிங்கப்பூர் கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால நீங்க சொல்ற ஆறேமுக்கால்ல ரெண்டரையைக் கழிச்சா நாலேகால்தான் வரும். தூரம் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். திரும்பி வர்றப்ப டிக்கெட்டைப் பாத்தா ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல வந்துடுற மாதிரி இருக்கும், அதையும் நம்பிடாதீங்க! 1982ல சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுட்டாங்க, அதான் அங்க காலைல 7 மணி வாக்குலதான் சூரியனே வரும்.

நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்குற காமலாபுரத்துல இருந்து வெளிநாட்டு ஃப்ளைட் இல்லாததால நாமக்கல் வழியா திருச்சிக்கு ஒரு 3 மணி நேரம், அப்புறம் ஏர்போர்ட்டுக்கு 3 மணி நேரம் முன்னாடியே போயிடணும், ஆக பறக்குறதவிட காத்திருக்குறதும் ரோடும்தான் ஜாஸ்தி. முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கே வீட்ல கிளம்பிடுங்க. தலை சுத்தலா, வானத்துல 20 கொண்டை ஊசி வளைவா இருக்கு? றெக்கை பக்கத்து சீட்டா கேளுங்க, ஆட்டம் கம்மி.