கேள்வி–பதில்: கை சாய்ந்தால் கண்ணுக்குள் நிறம்

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்தால் இமைக்குள் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கண்ணில் கோளாறா?
– ஒரு வாசகர், குன்னூர்

கோளாறில்லை. மூடிய இமை வழியாகவும் சிவப்பு வெளிச்சம் நுழையும். அது வினாடிக்குப் பத்துத் தடவை போல வெட்டி வெட்டி விழுந்தால், மூளையின் பார்வைப் பகுதி தானே கோலம் போட ஆரம்பித்துவிடும். செக் நாட்டு உடலியல் அறிஞர் பர்க்கிஞ்சே, வெயிலுக்கு நேரே கண்ணை மூடி, விரித்த விரல்களை ஆட்டிப் பார்த்து 1819-லேயே இதை எழுதிவைத்தார். உங்கள் பாதையில் வெயிலை வெட்டுவது சாலையோர மரங்களின் நிழல். பஸ் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு 10 மீட்டர். சில்வர் ஓக் மரம் ஆறு மீட்டருக்கு ஒன்றாக நின்றால் வினாடிக்கு இரண்டு மினுக்கல்கூட வராது. மீட்டருக்கொரு மரம் நிற்கும் அடர்ந்த இடத்தில்தான் கட்டங்கள் வரும்.

கை அசைவுக்கேற்ப இந்த மினுக்கல் மாறும் மூக்குக்கண்ணாடியைப் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யலாமா?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

மினுக்கல் வேண்டாம் டீச்சர். வினாடிக்கு 3 முதல் 30 வரையிலான மினுக்கல், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. கண்ணை மூடினாலும் தப்ப முடியாது. தனக்கு அப்படி வரும் என்று முதல் தடவை வரும்வரை பலருக்குத் தெரியாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது.

அதைவிட நல்ல வேடிக்கை ஒன்று உண்டு. வெள்ளைப் பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்து, திறந்த கண்கள்மேல் கவிழ்த்து, வெளியிலிருந்து ஒரே நிறம் காட்டுங்கள். அசையாமல் இருந்தால் சில நிமிடங்களில் அந்த நிறம் வெளிறிச் சாம்பலாகிவிடும். கையைச் சாய்த்து நிறத்தை மாற்றினால் பார்வை மறுபடி உயிர் பெறும்.

தேவை: அர்டுயினோ நானோ (ப்ரோக்ராம் ஏற்றும் சிறு போர்டு), சாய்வை அளக்கும் எம்பியு-6050 சென்சார், காமன் கேத்தோடு ஆர்ஜிபி எல்இடி (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் பொதுவான நெகட்டிவ் கால் உள்ளது) இரண்டு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆறு (ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி), 9 வோல்ட் பேட்டரி. பவர் பேங்க் சரிப்படாது. இவ்வளவு குறைந்த கரண்டுக்குப் பெரும்பாலானவை தாமே அணைந்துவிடும். சென்சாரின் எஸ்டிஏ பின் போர்டின் ஏ4-க்கு, எஸ்சிஎல் ஏ5-க்கு, விசிசி 5 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு. எல்இடிகளின் மூன்று நிறக் கால்களும் 9, 10, 11-ம் பின்களில், பொதுக் கால் ஜிஎன்டியில். அங்கே வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 490 தடவை அணைந்து எரிவதால் கண்ணுக்கு மினுக்கலே தெரியாது.

பந்தை மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். சூடாக்கிய கத்தி கூடாது, பழைய செல்லுலாய்டு பந்து குபீரென்று பற்றிக்கொள்ளும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பஞ்சு டேப் ஒட்டுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது ஒயரில். போர்டையும் சென்சாரையும் சேர்த்து மணிக்கட்டிலேயே கட்டிவிட்டு, எல்இடிக்கான நான்கு ஒயர்களை மட்டும் தலைக்கு ஏற்றுங்கள். சென்சார் ஒயர் நீண்டால் தகவல் அறுந்து, நிறம் நடுவில் உறைந்து நின்றுவிடும். ஒற்றைக் கம்பி ஒயர் முழங்கை மடக்கலில் ஒடியும், பல இழை ஒயரே நல்லது. நிறம் நடுங்கினால், ப்ரோக்ராமில் சென்சாரின் பழைய மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கையும் புதிய அளவீட்டில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்சாரை வினாடிக்கு 100 தடவை படித்தால் தாமதம் தெரியாது. ப்ரோக்ராமில் டிலே (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டால் எல்லாம் கெட்டது.

ஊட்டிக் குளிரில் வெளியே வைத்திருந்த சர்க்யூட்டை உள்ளே கொண்டுவந்தவுடன் இயக்கலாமா?
– ஒரு மாணவர், ஊட்டி

கூடாது. உள்ளே வந்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வியர்த்திருக்கும். வெளியிலேயே பாலிதீன் பையில் மூடி உள்ளே கொண்டுவந்து, அப்படியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.