மாவு மில்லில் மாட்டிய மீட்டர்

கேள்வி: 1861இல் இத்தாலி ஒரே நாடாகிவிட்டதே, அப்புறமும் ஏன் அங்கே அத்தனை கலவரம்? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: நாடு சேர்ந்தபோது பழைய அரசுகளின் கடனும் கூடவே சேர்ந்துவிட்டதுங்க. ஓட்டு நூற்றில் சுமார் இரண்டு பேருக்குத்தான், வரியோ எல்லோருக்கும். 1869இல் மாவு அரைக்கவே வரி போட்டார்கள். கல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண மில்லிலேயே ஒரு கருவியை மாட்டி, அந்தக் கணக்கை வைத்து மில்காரரிடம் வசூல், அவர் அதை அரைக்க வந்தவர் தலையில் கட்டுவார். நம்ம ஊரில் ராகி அரைக்கப் போகிறவரிடம் கூலிக்கு மேல் கல் சுற்றியதற்கும் காசு கேட்டால் சும்மா விடுவாரா? அங்கேயும் விடவில்லை, அடக்கப் பட்டாளமே போனது. தெற்கில் கட்டாய ராணுவச் சேவைக்குப் பயந்து மலையேறியவர்கள் தனிக்கதை. 1870இல், அதுவரை போப்பாண்டவர் ஆண்டுவந்த ரோம் கைக்கு வந்தும், அவர் புதிய அரசுக்கு முகம் கொடுக்கவில்லை. மாவு வரி முழுதாக ஒழிய 1884 ஆனது.