சுருட்டு எத்தனை நொடி?

கேள்வி: யூசுஃப் கார்ஷ் எடுத்த, சர்ச்சில் முறைத்துப் பார்க்கும் படம், சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கியதால் வந்த அதிர்ஷ்டம்தானே? இதில் புகைப்படக்காரரின் திறமை எங்கே இருக்கிறது?
– வாசகர், தேனி

பதில்: சுருட்டை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். பிடுங்கிய கையோடு திரும்பியவருக்குக் கேமரா தயாராக நின்றதே, அது எப்படி?

1941 டிசம்பர் 30, கனடாவின் தலைநகர் ஒட்டாவா, நாடாளுமன்றத்தில் சபாநாயகர் அறை. முந்தைய நாள் மாலையே கார்ஷ் விளக்குகளைப் பொருத்தி வைத்துவிட்டார். கேமராவில் போவது 8க்கு 10 அங்குல ஃபிலிம். கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்புறத்தில் மங்கலாகத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு ஷட்டரை மூடி, ஃபிலிம் இருக்கும் ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மூடியிருக்கும் மறைப்புத் தகட்டை உருவ வேண்டும். ஷட்டரை மூட மறந்தால் நெகட்டிவ் முழுக்கக் கறுத்துவிடும். தகட்டை உருவ மறந்தால் ஒன்றுமே பதியாது. ஹோல்டர் போன பிறகு கேமரா வழியாக எதுவும் தெரியாது. பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து ஷட்டரை இயக்கும் கம்பிப் பொத்தானை (கேபிள் ரிலீஸ்) அழுத்துவதுதான் வழி. அவ்வளவு பெரிய ஃபிலிமுக்கான லென்ஸில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், மிகக் குறைவு. எதிரே இருப்பவர் நாலு விரற்கடை முன்னால் சாய்ந்தாலே கண்கள் மங்கிவிடும். சுருட்டுக் கதையில் இதெல்லாம் வராது.

அந்தக் கைப்பழக்கம் சும்மா வந்ததல்ல. 1908இல், இன்று துருக்கியில் இருக்கும் மார்தினில் பிறந்த ஆர்மீனியர் கார்ஷ். ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பிறகு, 1922இல் குடும்பம் சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பிப் போனது. கனடாவின் ஷெர்புரூக்கில் ஸ்டூடியோ வைத்திருந்த தாய்மாமன் நகாஷ் பையனை வரவழைத்துத் தொழில் பழக்கினார். பிறகு அமெரிக்காவின் பாஸ்டனில் புகைப்படக்காரர் ஜான் கேரோவிடம் அனுப்பினார். கேரோவும் ஆர்மீனியரே. வானத்து வெளிச்சத்தை நம்பிப் படமெடுத்தவர். மாலை விருந்தாளிகளுக்கு மது ஊற்றிக் கொடுப்பதும் சீடனின் வேலை, அதுவும் மதுவிலக்குக் காலத்தில்! மின்விளக்கைக் கார்ஷ் கற்றது ஒட்டாவா லிட்டில் தியேட்டர் என்ற நாடகக் குழுவில். மேடையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து முகத்தின் பாவத்தையே மாற்றுவதை அங்கேதான் பார்த்தார்.

கைகளுக்குத் தனி விளக்கு வைப்பது அவர் வழக்கம். கறுப்புக் கோட்டு கருமையான பின்னணியில் கரைந்துபோகாமல் இருக்க, பின்பக்கத்தில் இரு ஓரங்களிலிருந்தும் விளிம்பு வெளிச்சம் கொடுப்பார். செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: பின்னால் வைத்த விளக்கு நேராக லென்ஸில் அடித்தால் படம் வெளிறிப் போகும். லென்ஸ் பக்கமாக ஒரு அட்டையை வைத்து மறையுங்கள்.

அறுபது ஆண்டுத் தொழிலில் 15,312 முறை இப்படி ஆட்களை உட்காரவைத்திருக்கிறார். சுருட்டு ஒரு தடவைதான். அன்றைக்கே சர்ச்சில் இறங்கிவந்து, இன்னொன்று எடுத்துக்கொள் என்று அனுமதித்த இரண்டாவது படமும் இருக்கிறது. தேடிப் பாருங்கள். அதில் சிரிக்கிறார், படம் அப்போதும் நிற்கிறது.