வரிகள் புரியாத வெளிநாட்டுப் பாட்டை எப்படி ரசிக்கிறீர்கள்? சும்மா பந்தாவுக்குத்தானே? இல்லையென்றால் ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பந்தா என்று சொல்பவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். கல்லூரி நாட்களில் நானே பந்தாவுக்காகக் கேட்டிருக்கிறேன், பாதி குழுக்களின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் உதாரணம் ஒன்று கேட்டிருப்பதால், அந்தப் பந்தாவை என்னிடமிருந்து கழற்றி எடுத்த ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் கிகாகாகு மோயோ. டோக்கியோவில் 2012-ல் தொடங்கிய ராக் குழு. ராக்கின் உள்வகைகளில் சைக்கடெலிக் என்றும் புரோகிரசிவ் என்றும் கடைக்குக் கடை வேறு வேறு அலமாரியில் வைப்பார்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் இவர்களுடைய ஒரு பாட்டை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தேன். வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஆபீஸில் ஜப்பானிய வாடிக்கையாளர்களின் மெயில்களை மொழிபெயர்க்கிற அக்கா ஒருவர் இருந்தார், மதிய சாப்பாட்டு நேரத்தில் அவர் காதில் இயர்போனை மாட்டிவிட்டு "கொஞ்சம் அர்த்தம் சொல்லுங்கக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் கேட்டார். பிறகு ஒரு பக்க இயர்போனைக் கழற்றி, "தம்பி, இது ஜப்பானீஸே இல்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இவர்கள் பாடுவதில் பெரும்பகுதி எந்த மொழியும் இல்லை, மெட்டுக்குப் பொருந்துகிற ஓசைகளை அவர்களே உண்டாக்கிப் பாடுகிறார்கள். வேண்டுமென்றே.

அதாவது டோக்கியோவில் பிறந்து வளர்ந்தவருக்கும் இந்தப் பாட்டு புரியாது, எனக்கும் புரியாது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. எனக்கு ஏதோ விட்டுப்போகிறது என்று அதுவரை இருந்த குறுகுறுப்பு அன்றைக்கே போய்விட்டது.

இவர்கள்தான் முதலில் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பிரான்சில் மாக்மா என்ற குழு 1969-லேயே தொடங்கியது, அதன் தலைவர் கிறிஸ்தியான் வாண்டர் கோபையன் என்று ஒரு மொழியையே கற்பனையாகச் செய்து, அதில்தான் ஆல்பம் ஆல்பமாகப் பாடுகிறார். ஜப்பானில் தத்சுயா யோஷிடா 1985-ல் தொடங்கிய ரூயின்ஸ், பிறகு அவரே தொடங்கிய கோயென்ஜி ஹியாக்கேய், இரண்டிலும் கற்பனைச் சொற்கள்தான். ஜெர்மனியின் கேன் குழுவில் 1970 வாக்கில் டாமோ சுசுகி என்ற ஜப்பானிய இளைஞர் பாட வந்தார். மியூனிக் தெருவில் அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அன்றிரவே மேடைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் பாடியதில் ஆங்கிலம் கொஞ்சம், ஜப்பானியம் கொஞ்சம், மீதி வாய்க்கு வந்தது. இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். வாண்டர் டிரம்ஸ் வாசிப்பவர், யோஷிடாவும் டிரம்ஸ்தான், கிகாகாகு மோயோவில் பாடிய இருவரில் ஒருவரான கோ குரோசாவாவும் டிரம்மர். (டாமோ இந்தக் கணக்கில் இடிப்பார், அவரை விட்டுவிடுங்கள்.) தாளக்காரனுக்கு வார்த்தை என்றால் முதலில் அடி, அப்புறம்தான் அர்த்தம் என்று நினைக்கிறேன். தகதிமி தகஜுணு சொல்லிப் பழகிய மிருதங்கக்காரரிடம் கேட்டால் இதில் என்ன அதிசயம் என்பார். ஆராரோ ஆரிரரோவுக்கும் அகராதியில் அர்த்தம் தேடி யாரும் தூங்கியதில்லை.

சரி, குழுவுக்கு வருவோம். கோ குரோசாவாவும் கிட்டார் வாசிக்கும் டோமோ கட்சுராடாவும் ஆரம்பித்தது. பேஸ் கிட்டார் வாசிக்கும் கோட்சு கை என்பவர் கிடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தெருவோரத் தானியங்கி விற்பனை இயந்திரங்கள் எழுப்புகிற ரீங்காரத்தை அவர் பதிவு செய்துகொண்டிருந்தபோது இவர்களுக்குப் பழக்கமானார். குளிர்பானப் பெட்டியின் உறுமலில் சுதி கேட்கிற ஆளை வேறு எதற்குச் சேர்த்துக்கொள்வார்கள்! இன்னொரு கிட்டார் தாவூத் போபல், பல்கலைக்கழகத்தில் சிகரெட் பிடிக்கிற இடத்தில் கோவுக்கு அறிமுகம். ஐந்தாவது ஆள் கோவின் தம்பி ரியூ. அவர் அப்போதுதான் இந்தியாவில் மணிலால் நாகிடம் சிதார் கற்றுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். விஷ்ணுபூர் கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் பெரிய வித்வான் மணிலால் நாக், அவரிடம் படித்த கையோடு தம்பி அண்ணனின் ராக் பேண்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சிதார் என்றதும் பலருக்கும் ஒரு அலுப்பு வரும், எனக்கும் வந்தது. 1965-ல் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் வாசித்ததிலிருந்து மேற்கத்திய பாப்பில் சிதார் என்றால் பெரும்பாலும் ஊதுபத்தி மாதிரி, ஏற்றிவைத்தால் 'கீழைத்தேய மணம்' வந்துவிடும். ரியூ அப்படி வாசித்ததில்லை. மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிதார் ஒலியை எஃபெக்ட்ஸ் என்கிற ஒலிமாற்றுக் கருவிகள் வழியாக அனுப்பி, சில இடங்களில் கிட்டார் எது சிதார் எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்துவிடுவார். சில இடங்களில் வெறும் சுதிப்பெட்டி வேலைதான் செய்கிறது, அதுவும் அழகுதான். ராகம் தேடிப் போனால் ஏமாறுவீர்கள்.

குழுவின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் 'வடிவியல் கோலங்கள்' என்று அர்த்தம். விடிய விடிய வாசித்துவிட்டுக் கண்ணை மூடியபோது இமைக்குள் கோடும் கட்டமுமாகத் தெரிந்ததாம், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பாட்டுக்குத்தான் அர்த்தம் கிடையாதே தவிர பாட்டுகளின் பெயர்களுக்கு உண்டு, நல்ல பெயர்களாக வைப்பார்கள். ‘அமாயடோரி’ என்றால் மழைக்கு ஒதுங்கி நிற்பது. ‘கோகராஷி’ குளிர்காலம் தொடங்கும்போது அடிக்கிற வாடைக்காற்று. ‘நாசோ நாசோ’ விடுகதை. அந்த அக்கா பாட்டை விட்டுவிட்டு ஆல்பத்தின் பின்னட்டையை வாசித்துத்தான் சந்தோஷப்பட்டார்.

இந்தக் குழு எந்தப் பெரிய இசைக் கம்பெனியையும் அண்டாமல் இருந்ததற்கும் இந்த அர்த்தமில்லாப் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி. டோக்கியோவில் 'லைவ் ஹவுஸ்' என்று சின்னச் சின்ன அரங்குகள் ஏராளம். அங்கே பல இடங்களில் 'நொருமா' என்று ஒரு வழக்கம் இருக்கிறது, வாசிக்க வருகிற குழுவே இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும், விற்காததற்குக் கைக்காசைக் கட்ட வேண்டும். 20 டிக்கெட், ஒன்று 2000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரும் வராவிட்டால் அரை மணி நேரம் வாசித்ததற்கு 40,000 யென் அழுதுவிட்டு வர வேண்டும். புதுக் குழுக்கள் நண்பர்களையும் உடன் வேலை பார்ப்பவர்களையும் தொந்தரவு செய்து டிக்கெட் தள்ளுவார்கள், கேட்க வருகிறவர்களும் தங்கள் நண்பனின் குழு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். இவர்கள் தெருவில் வாசித்துத்தான் தொடங்கினார்கள், பிறகு சீக்கிரமே வெளிநாட்டுப் பயணம் என்று பாதையை மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் பாடினால் அரைகுறை என்பார்கள், ஜப்பானியத்தில் பாடினால் வெளியூரில் யாருக்கும் புரியாது. எந்த மொழியும் இல்லை என்றால் எல்லா ஊரும் ஒன்றுதானே. ஒரு பெரிய நிறுவனத்தின் மேசைக்கு முன்னால் போய் "சார், பாட்டுக்கு வரிகள் கிடையாது, ஓசை மட்டும்தான், ஒரு பாட்டு 28 நிமிடம் வரும்" என்று சொல்லிப் பாருங்கள், டீ கூடத் தர மாட்டார்கள். (28 நிமிடம் நான் மிகைப்படுத்தியது இல்லை, 2014-ல் வந்த ‘மம்மட்டஸ் கிளவுட்ஸ்’ தொகுப்பில் ‘பாண்ட்’ என்று ஒன்று கிட்டத்தட்ட அவ்வளவு ஓடும்.)

2014-ல் கோவும் டோமோவும் குருகுரு பிரெயின் என்ற சொந்த லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானிய மொழியில் 'குருகுரு' என்றால் சுற்றிச் சுற்றி வருவதைக் குறிக்கிற இரட்டைக்கிளவி, நம் 'கிறுகிறு'வுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருப்பதால் எனக்கு அந்தப் பெயர் மறக்கவே மறக்காது. தங்கள் பாட்டை மட்டும் வெளியிட்டுக்கொள்ளவில்லை. டோக்கியோவின் மினாமி டாய்ச், தைவானின் ஸ்கேட்டர்ட் பர்கேட்டரி, தாய்லாந்தின் கானா பியர்பூட் என்று ஆசியக் குழுக்களைத் தேடித் தேடிப் பதிப்பித்தார்கள். பிறகு இருவரும் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபோய் லேபிளை அங்கிருந்து நடத்தினார்கள். ஆசிய இசையை விற்க ஐரோப்பாவில் போய் உட்கார வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் பயணக் கணக்கும் தபால் செலவும் அங்கிருந்தால்தான் கட்டுப்படியாகும் போல.

எங்கே தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். 2013-ன் முதல் ஆல்பத்தில் தொடங்காதீர்கள், எனக்கு அது இன்னும் கலங்கல் தண்ணீராகத்தான் இருக்கிறது. 2016-ன் ‘ஹவுஸ் இன் தி டால் கிராஸ்’ மெதுவான, ரொம்ப மென்மையான ஆல்பம். அதன் முதல் பாட்டு ‘கிரீன் சுகர்’, டிரம்ஸ் ஒரே சீராக நடந்துகொண்டே இருக்கும், குரல்கள் மேலே பனி மாதிரி மிதக்கும், ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்த நாளில் கேளுங்கள். அது பிடித்துவிட்டால் 2018-ன் ‘மசானா டெம்பிள்ஸ்’. இதைப் போர்ச்சுகலின் லிஸ்பனில், புரூனோ பெர்னாடஸ் என்ற ஜாஸ்காரரைத் தயாரிப்பாளராக வைத்துப் பதிவு செய்தார்கள். தலைப்பில் உள்ள ‘மசானா’கூட இவர்களே உண்டாக்கிய சொல்தான். இதில் ‘டிரிப்பிங் சன்’ என்று எட்டு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. சாவகாசமாகத் தொடங்கும், இடையில் கிட்டார் திடீரென்று தடம் மாறி ஓடும், அடங்கும், மறுபடி எழும். புரோகிரசிவ் என்ற பட்டம் இவர்களுக்குப் பொருந்துகிற இடம் இதுதான். கணக்குப் போட்டுச் சிக்கலாக்குவது அல்ல, ஒரே பாட்டுக்குள் நாலு ஊர் போய் வருவது. சத்தம் வேண்டும் என்றால் 2014-ன் ‘ஃபாரஸ்ட் ஆஃப் லாஸ்ட் சில்ட்ரன்’ பக்கம் போங்கள், ‘ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்’ பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும்போது போடுங்கள்.

குழு இப்போது இல்லை. 2022 ஜனவரியில், நினைத்ததைச் செய்துவிட்டோம், நல்ல நிலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். மே மாதம் ‘குமோயோ ஐலண்ட்’ என்ற கடைசி ஆல்பம், தொடக்கக் காலத்தில் பதிவு செய்த அதே டோக்கியோ ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போய்ச் செய்தது. அந்த வருடம் முழுக்கச் சுற்றி வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை. கடைசி ஆல்பம் கொஞ்சம் சிதறலாகத்தான் இருக்கிறது, ஐந்து பேரும் ஐந்து பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி. ஆனாலும் முதல் பாட்டு ‘மொனாகா’வுக்காகவே வைத்திருக்கிறேன். மொனாகா என்பது மொறுமொறு அரிசி வில்லைகளுக்கு நடுவே பயறுப் பூரணம் வைத்த ஜப்பானிய இனிப்பு.

பந்தா கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேனா தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்த அக்கா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், ஆனால் "இது ஜப்பானீஸே இல்ல" என்று சொன்ன வாரத்திலேயே என்னிடம் முழு ஆல்பத்தையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். நாள் முழுக்க ஜப்பானிய மெயில் படிக்கிறவருக்கு, மொழிபெயர்க்க வேண்டாத ஒரு ஜப்பானியக் குரல் கிடைத்ததே என்றார்.