இருமலுக்கு நடுவே சில சொற்கள்

அன்புள்ள ஐயா,

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கிறேன். என் தந்தைக்கு 84 வயது. மத்திய அரசுப் பணிக்காகத் தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வந்தவர். இந்தக் குளிர்காலத்தில் இருமலும் கை நடுக்கமும் மிகுந்துவிட்டன. காப்பியை டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்கிறேன். தளர்ச்சியும் மரணமும் கலையில் அழகு பெறுகின்றன என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அருகிலிருந்து பார்க்கும் எனக்கு இதில் எந்த அழகும் தெரியவில்லை. துன்பத்துக்குப் பூச்சூட்டுவதைத்தான் கலை என்கிறோமா?

சு.

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. முதுமையின் வலியை அழகு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. என் எழுத்து அப்படிப் பொருள்பட்டிருந்தால் அது என் பிழை. நாம் தாங்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒன்றைக் கலை நெருங்கிச் சென்று பிசகாமல் பார்க்கிறது என்பதையே சொல்ல நினைத்தேன்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் தம் இளமையை நினைத்து இரங்குகிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் பெண்களோடு கைகோத்து ஆடியது, நீரின்மேல் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருள, திவலை தெறிக்கத் துடுமெனக் குதித்து, அடியாழத்து மணலை அள்ளிக்கொண்டு வந்தது என்று பாட்டின் பெரும்பகுதி அந்தக் குளத்திலேயே நடக்கிறது. முதுமைக்குக் கிடைப்பவை கடைசிச் சில அடிகளே. பூண் கட்டிய பெரிய தடியை ஊன்றி, உடல் நடுங்கி, 'இருமிடை மிடைந்த சிலசொல்' பேசும் கிழவராகிவிட்ட எமக்கு அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்டு நிறுத்திவிடுகிறார். இருமலுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வெளிவரும் சில சொற்கள்! குளத்தில் குதித்ததை எவ்வளவு துல்லியமாகச் சொன்னாரோ, அதே துல்லியத்தோடு இருமலையும் சொல்கிறார். முதுமை ஞானம் தரும் என்றோ, எல்லாம் நன்மைக்கே என்றோ ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாது. அவருடைய இயற்பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. பாட்டில் ஊன்றிய தடியே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். இருமல் தம் பேச்சை அறுக்கிறது என்று சொல்லும் அந்த மனிதர், இரக்கமாக இருக்கிறது என்ற தொடக்கத்துக்குப் பிறகு, பாட்டு முழுவதையும் ஏறத்தாழ ஒரே நீண்ட வாக்கியமாகச் சொல்லி முடித்திருக்கிறார். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னைக் கலங்கவைப்பது இதுதான்.

ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1914இல் தம் மகனைப் போரில் பறிகொடுத்தார். அவனுக்கான நினைவுச் சிற்பம் 1932இல்தான் பெல்ஜியத்தில் ஒரு போர்வீரர் இடுகாட்டில் வைக்கப்பட்டது. முழந்தாளிட்ட தாயும் தந்தையும் மட்டுமே அதில் இருக்கிறார்கள், மகன் இல்லை. பூச்சூட்டுவதுதான் நோக்கம் என்றால் அதற்கு 18 ஆண்டுகள் பிடித்திருக்காது.

நீங்கள் ஊற்றும் பாதி டம்ளர் காப்பியை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கை எவ்வளவு நடுங்குகிறது, எந்த மட்டம்வரை ஊற்றினால் சிந்தாது என்பதை உங்கள் கண் அளந்து வைத்திருக்கிறது. அந்தப் புலவர் தம் இருமலைக் கவனித்ததற்கும் இதற்கும் அதிக தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் தாயாரின் கடைசிக் குளிர்காலத்தில், மயூர் விஹார் வீட்டில், அவர் இருமலோடு எதையோ சொல்லத் தொடங்கும்போதெல்லாம் 'பேசாதேம்மா, படுத்துக்கோ' என்று தடுத்துவிட்டேன். அவர் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தஞ்சைப் பக்கம் வளர்ந்த உங்கள் தந்தைக்கும் ஒரு குளம் இருந்திருக்கும். பால்கனியில் வெயில் விழும் நேரத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். இருமல் வந்தால், அது அடங்கும்வரை காத்திருங்கள்.