கோச்சுவானின் இடக்கை

அன்புள்ள ஐயா,

பழைய கதைகளில் குதிரைவண்டி ஓட்டுபவரைக் 'கோச்சுவான்' என்கிறார்கள். இது எந்த மொழிச் சொல்? என் சிறுகதையில் இதற்குப் பதிலாக 'வலவன்' என்று போடலாமா? வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் வலவன் என்று படித்தேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் அவ்வூர் வண்டிக்கு ஊர்ப்பெயரே பெயரானது. ஆங்கிலம் வழியாக இந்துஸ்தானிக்கு வந்து, வண்டிக்காரரைக் குறிக்கும் 'காடிவான்' போல ஒரு 'வான்' ஒட்டிக்கொண்டு நம்மிடம் சேர்ந்தது. கோச்சுவானுக்கு இது போதும்.

வலப்பக்கக் கதையைப் படித்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். வல் என்றால் வன்மை, திறமை. வல்லவன், வல்லுநர், வலவன் எல்லாம் ஒரே வேர். வலிய கை என்பதால்தான் அது வலக்கையே ஆனது! வலப்பக்கம் உட்காருவது ஆங்கிலேயக் கோச்சுவண்டி வழக்கம். வீசும் சாட்டை பக்கத்தில் இருப்பவர்மேல் படக்கூடாதே. அதைக் கொண்டுபோய்ச் சங்கத் தேரில் ஏற்றலாமா?

அகநானூறு 104ஐ எடுத்துப் பாருங்கள். நான்கு குதிரை பூட்டிய தேர். 'வலவன் வள்பு வலித்து ஊரின் அல்லது' என்கிறார் புலவர். வள்பு என்பது கடிவாள வார். அதை இழுத்துப் பிடித்து ஓட்டினால் உண்டு. விரட்டும் கோலின் முள் பட்டாலோ, கடல் சூழ்ந்த நிலமும் அக்குதிரைகளின் ஓட்டத்துக்குப் போதாது. விரட்ட யாராலும் முடியும். பிடிக்கத்தான் வலவன் வேண்டும்.

கோச்சுவானுக்கும் அப்படியே. இரண்டிரண்டாக நான்கு குதிரை என்றால் நான்கு வாரும் இடக்கையில். முன்னிணையின் இடது வார் ஆள்காட்டி விரல்மேல். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே முன்னிணையின் வலது வார், அதன்கீழ் பின்னிணையின் இடது வார். பின்னிணையின் வலது வார் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே. திருப்பத்தில் முன்னிணையின் வாரைச் சில அங்குலம் இழுத்து, மடித்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். முன்னது திரும்புவதைக் கண்டதும் பின்னிணை அவசரப்பட்டுக் குறுக்கே வெட்டும். எதிர்ப்பக்க வாரால் அதைத் தடுக்காவிட்டால் பின்சக்கரம் தெருமுனைக் கல்லில் ஏறும். அதற்காக எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரை கடிவாளத்தில் சாய்ந்துகொள்ளும், வாய் மரத்துப்போகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் கேட்காது.

உங்கள் கதையில் அவர் கோச்சுவானாகவே இருக்கட்டும். கோச்சுவண்டியில் வலவனை உட்கார வைத்தால் வாசகர் சிரிப்பார். ஓட்டுபவர் என்றதும் சாட்டையை மட்டும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாரையும் கொடுத்துவிட்டு, கதையை எனக்கு அனுப்புங்கள். படிக்கிறேன்.